சுங்கை சிப்புட்டில் 168 ரிங்கிட்டுக்கு ஒரு குழந்தைக் கண்ணாடி

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், நகைக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் இடையே பல காலமாக இருந்துவரும் ஒரு சிறிய கண்ணாடிக்கடையில், பாலர் பள்ளிக்குப் போகும் என் அக்காள் மகனுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கினோம். ஃபிரேமும் லென்ஸும் சேர்த்து 168 ரிங்கிட் ஆயிற்று. கண்ணாடியைச் செய்து கொடுப்பதிலும், அதைக் குழந்தையின் முகத்தில் ஒழுங்காக உட்கார வைப்பதிலும் அந்தக் கடையை நம்பலாம் என்பது என் முடிவு. ஆனால் சின்னக் குழந்தையின் பவரை முதன்முதலாகக் கண்டறிவதற்கு அங்கே போவது போதாது; அதற்கு வேறு இடம் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்கள் ஒன்று பணத்தை இழக்கிறார்கள், இல்லையென்றால் பிள்ளைக்குப் பொருந்தாத கண்ணாடியை மாட்டிவிடுகிறார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விலை. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் இருக்கும் குடும்பத்துக்கு 168 ரிங்கிட் என்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பெரியவர்கள் ஒரு கண்ணாடியை நாலைந்து வருடம் ஓட்டிவிடுவார்கள். குழந்தைக்கு அது நடக்காது. தலை வளர்கிறது, பவர் மாறுகிறது, பந்து பட்டு வளைகிறது. வருடத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுக்கொள்வதே நியாயம். ஆகவே எங்கே செலவழிப்பது, எங்கே கையை இறுக்குவது என்ற கேள்வி குழந்தைக் கண்ணாடியில் ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வரும். ஈப்போவிலுள்ள ஒரு பேரங்காடிக் கடையில் இதே பையனுக்கு 460 ரிங்கிட் என்றார்கள். அதில் பாதிக்கு மேல் ஃபிரேமின் கையில் அச்சிட்டிருந்த பெயருக்கான விலை. ஆறு வயதுப் பையனுக்கு அந்தப் பெயரால் எந்தப் பயனும் இல்லை.

அந்தப் பேரங்காடிக் கடையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பையனை ஒரு கருவியின் முன் உட்கார வைத்து, உள்ளே தெரியும் வண்ணப் பலூனைப் பார்க்கச் சொன்னார்கள். கண் சிமிட்டும் நேரத்தில் கருவி ஒரு சீட்டைத் துப்பியது. வலது கண்ணுக்குச் சிறிய மைனஸ் (கிட்டப்பார்வைக்கான பவர்), இடது கண்ணுக்குப் பவர் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, கொஞ்சம் சிலிண்டர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) மட்டும் என்று அந்தச் சீட்டை வைத்தே ஆர்டர் எடுக்கத் தயாரானார்கள். அக்காள் ஒப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கு வந்து கண் பார்த்தவர்கள் இடது கண்ணில்தான் குறை இருப்பதாகத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளையும் சுகாதார கிளினிக்கில் எழுதித் தந்த கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போனோம். அங்கே சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது கதை தலைகீழானது. வலது கண் பிளஸ் 1.75, இடது கண் பிளஸ் 3.50, அதோடு 1.50 சிலிண்டர்.

இதற்குக் காரணம் எளிமையானதுதான், ஆனால் கண்ணாடி வாங்கப் போகும் எந்தப் பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். குழந்தையின் கண்ணுக்குள் இருக்கும் வில்லையைச் சுருக்கி விரிக்கும் தசை மிகவும் வலுவானது. தூரப்பார்வைக் குறை, அதாவது பிளஸ் பவர் வேண்டிய குறை, உள்ள பிள்ளை அந்தத் தசையை இறுக்கி இறுக்கியே தன் குறையைச் சமாளித்துக்கொள்ளும். கருவிக்குள் பலூனைப் பார்க்கும்போதும் அதே இறுக்கம் இருக்கும். அதனால் உள்ள பிளஸ் மறைந்துபோய், இல்லாத மைனஸ் சீட்டில் வந்து விழும். சைக்ளோபென்டோலேட் என்ற சொட்டு மருந்து அந்தத் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்துகிறது. விட்டவுடன் எரியும், பையன் அழத்தான் செய்தான். அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக் காத்திருந்து, மருந்து பிடித்த பிறகுதான் அளக்கிறார்கள். அன்று முழுவதும் கருவிழிப் பாப்பா விரிந்திருக்கும், வெயில் கூசும், பக்கத்தில் உள்ள எழுத்து மங்கும். மறுநாள் சரியாகிவிடும். போகும்போது ஒரு தொப்பி எடுத்துப் போவது நல்லது.

இரண்டு கண்ணுக்கும் பவர் இவ்வளவு வித்தியாசப்படும்போது மூளை தெளிவாகத் தெரியும் கண்ணை மட்டும் நம்பி, மங்கலான கண்ணை ஒதுக்கிவிடும். இதைச் சோம்பல் கண் என்கிறார்கள். வெளியே பார்த்தால் கண் மாறுகண்ணாக இருக்காது, பிள்ளையும் எதுவும் சொல்லாது. ஒரு கண் நன்றாகத் தெரிவதால் ஓடியாடி விளையாடும், படம் பார்க்கும், எழுதவும் செய்யும். சின்ன வயதில் பிடித்தால் கண்ணாடியாலும், தேவைப்பட்டால் நல்ல கண்ணை மூடிவைக்கும் ஒட்டுப் பட்டையாலும் பெரும்பாலும் சரிசெய்யலாம். வயது ஏற ஏறக் கடினமாகும். அந்த மைனஸ் சீட்டை நம்பிக் கண்ணாடி செய்திருந்தால், 460 ரிங்கிட்டும் போயிருக்கும், இடது கண்ணும் அப்படியே கிடந்திருக்கும். மலிவு, விலையுயர்வு என்ற பேச்செல்லாம் இந்தச் சோதனை முடிந்த பிறகுதான்.

இனி நம் கடைக்கு வருகிறேன். கடையின் முதலாளி வயதான சீனர். எல்லாரும் தவுக்கே என்றே அழைக்கிறார்கள். தமிழ்ப் பெண் ஒருத்தி உதவிக்கு இருக்கிறாள். மருத்துவமனைத் தாளை நீட்டியதும் தவுக்கே அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததா என்று கேட்டார். ஆம் என்றதும், தாம் மறுபடி பவர் பார்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். "இந்த வயசுப் புள்ளைக்கு நான் பார்த்தா சரியா வராது, டாக்டர் எழுதினதுதான் சரி" என்று தம்முடைய தமிழில் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தம் எல்லையை அறிந்த கடைக்காரர் கிடைப்பது அரிது. சுவரில் அவருடைய பதிவுச் சான்றிதழும் நடப்பாண்டுக்கான தொழில் சான்றிதழும் சட்டமிட்டுத் தொங்குகின்றன. 1991ஆம் ஆண்டின் கண்ணாடித் தொழில் சட்டப்படி மலேசியக் கண்ணாடித் தொழில் மன்றத்தில் பதிந்தவர்கள்தாம் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்பதால், எந்தக் கடைக்குப் போனாலும் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் சொட்டு மருந்துச் சோதனை செய்யாமல் நேராக அவரிடம் வரும் பிள்ளைகளின் நிலை என்ன என்று கேட்டேன். கருவியில் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்புவதாகச் சொன்னார். சந்தேகம் இருந்தால் என்பது எனக்குப் போதாது. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையெல்லாம் முதலில் அனுப்பிவிட்டுத்தான் கண்ணாடி செய்வேன் என்று அவர் வழக்கமாக வைத்துக்கொண்டால் இந்தக் கடையைக் குறைசொல்ல இடமே இருக்காது.

ஃபிரேம் தேர்வில்தான் கடையின் உண்மையான திறமை தெரிகிறது. குழந்தைகளுக்கென்று ஒரே ஓர் அலமாரித் தட்டுதான். படம் போட்ட ஃபிரேம்கள் கொஞ்சம், ஒற்றை நிறத்தில் கொஞ்சம். பெண் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பைத் தவிர வேறு நிறம் தேட வேண்டியிருக்கிறது. பையன் பார்த்த மாத்திரத்தில் சிலந்தி வலை போட்ட சிவப்பு ஃபிரேமை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டான். தவுக்கே அதை வாங்கி, அதன் கையின் உட்புறத்தைத் திருப்பி எங்களிடம் காட்டினார். அங்கே 47, 17, 130 என்று மூன்று எண்கள் இருந்தன. முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம், மூன்றாவது கையின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் 64. பையனின் இரண்டு பாப்பாக்களுக்கும் இடையிலுள்ள தூரமோ 53தான். இந்த இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு நல்லது. விலகிப் போனால் லென்ஸை மூக்குப் பக்கம் தள்ளித் தள்ளி வெட்ட வேண்டும். பிளஸ் லென்ஸ் நடுவில் தடிப்பாக இருப்பதால், பெரிய ஃபிரேமில் அது இன்னும் தடித்துக் கனக்கும். 42, 15, 125 என்று எழுதியிருந்த ஒரு நீல ஃபிரேமை எடுத்துப் போட்டார், கூட்டினால் 57. பையனுக்கு முகம் கொஞ்சம் தொங்கிற்று, ஆனால் கண்ணாடி அவன் முகத்திலேயே முளைத்ததுபோல் உட்கார்ந்தது.

'வளர்ற புள்ளைதானே, கொஞ்சம் பெருசா எடுத்தா ரெண்டு வருஷம் வரும்' என்று எண்ணுவது நம் வீடுகளில் இயல்பு. பள்ளிச் சீருடைக்கு அது சரி. கண்ணாடிக்கு அது சுத்தமாக ஒத்துவராது. பெரிய கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வரும். பிள்ளை அதற்கு மேலாகப் பார்க்கும். அப்புறம் கண்ணாடி போட்டும் போடாதது மாதிரிதான். அதிலும் சிலிண்டர் பவர் உள்ள பிள்ளைக்கு இன்னொரு தொல்லை உண்டு. சிலிண்டர் லென்ஸுக்கு ஒரு திசை இருக்கிறது. தாளில் ஆக்சிஸ் என்று எழுதியிருப்பது அதுதான். கண்ணாடி முகத்தில் சாய்ந்து அந்தத் திசை 10 பாகை விலகினாலே சிலிண்டரால் கிடைக்க வேண்டிய பயனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 பாகை விலகினால் சிலிண்டர் இருந்தும் ஒரு பயனுமில்லை. ஃபிரேமின் ஒரு கை வளைந்து, ஒரு புருவத்துக்கு மேலும் மறு புருவத்துக்குக் கீழுமாகக் கண்ணாடி போட்டிருக்கும் பிள்ளைகளைப் பள்ளிகளில் எத்தனையோ பேரைப் பார்க்கலாம். அவர்களின் கண்ணாடியில் தவறு இருக்காது. அது உட்காரும் விதத்தில்தான் தவறு.

மூக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு வயதில் மூக்குத்தண்டு இன்னும் எழும்பியிருக்காது. பெரியவர்களின் ஃபிரேமைச் சிறிதாக்கியது போன்ற வார்ப்பு ஃபிரேம் அங்கே பிடிமானமில்லாமல் நழுவும். நம் ஊர் வெக்கையில் வியர்வை வேறு. மெல்லிய கம்பியில் மாட்டிய சிலிக்கோன் மூக்குப் பட்டைகள் உள்ளதா என்று கேட்டு வாங்குவது நல்லது. அவற்றை நெருக்கவும் விலக்கவும் முடியும், அழுக்கானால் மாற்றவும் முடியும். கடையில் அதிகம் அடுக்கியிருப்பது டிஆர் 90 என்ற நைலான் வகை ஃபிரேம். வளைத்தாலும் ஒடியாது, எடையும் குறைவு என்பதால் குழந்தைகளுக்கு ஏற்றதுதான். ஆனால் சூடுகாட்டி வளைத்துச் சரிசெய்வது அதில் கடினம். ஆகையால் போட்டவுடனேயே காதுக்குப் பின்னால் சரியாக உட்காரும் அளவாகப் பார்க்க வேண்டும். தவுக்கே பையனைக் குனியச் சொன்னார், தலையை ஆட்டச் சொன்னார், குதிக்கச் சொன்னார். பிறகு முகத்துக்கு நேரே தம் முகத்தை வைத்து, "தெங்கோக் சினி, போய்" என்று தம் மூக்கைப் பார்க்கச் சொல்லி, மாதிரி லென்ஸின்மேல் பாப்பாவுக்கு நேராக மெல்லிய பேனாவால் இரண்டு புள்ளிகள் வைத்தார். அந்தப் புள்ளிகளில்தான் லென்ஸின் மையம் வர வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாத கடைகள் இருக்கின்றன.

லென்ஸ் விஷயத்தில் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கடை வாசலில் எழுதியிருக்கும் 98 ரிங்கிட் தொகுப்பில் கிடைப்பது சிஆர் 39 என்ற சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ். பார்வையின் தெளிவில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வேகமாக ஏதாவது மோதினால் துண்டாக உடையக் கூடியது. பாலிகார்பனேட் லென்ஸ் அடியைத் தாங்குவதில் அதைவிடப் பல மடங்கு உறுதியானது. கண்ணுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் பொருள் என்பதால், ஓடியாடும் குழந்தைக்கு இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது என்பது என் கருத்து. எடையும் சற்றுக் குறைவு, புற ஊதாக் கதிரையும் தனிப் பூச்சு இல்லாமலேயே தடுத்துவிடும். கீறல் விழுவதுதான் அதன் பலவீனம். அதனால் கடினப் பூச்சுடன் வருகிறது. இதற்கு 70 ரிங்கிட் கூடுதல். அதைச் சேர்த்துத்தான் 168. கடைப்பெண் ரசீதில் வெறுமனே லென்ஸ் என்று எழுதினாள்; பாலிகார்பனேட் என்று எழுதித் தரும்படி கேட்டதும் தயங்காமல் எழுதினாள். லென்ஸ் வந்த காகித உறையையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். உறையின்மேல் பவரோடு 1.59 என்ற எண்ணும் அச்சிட்டிருக்கும். அது பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண். 1.50 என்று இருந்தால் அது சாதாரண லென்ஸ். கடைக்காரரைச் சந்தேகிப்பதாக நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. தவுக்கே தாமாகவே உறையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இந்தக் கடையில் எனக்குப் பிடிக்காத ஒன்று நீல ஒளிப் பூச்சை விற்கும் விதம். "அண்ணே, தம்பி போன் பார்ப்பாப்லதானே, ப்ளூ கட் போட்டுக்கங்க, அம்பது வெள்ளிதான் கூட" என்று அந்தப் பெண் மூச்சுவிடாமல் சொன்னாள். ஒரு சின்ன டார்ச்சைக் காட்டி, லென்ஸில் நீல ஒளி தடைபடுவதையும் செய்து காண்பித்தாள். ஒளி தடைபடுவது உண்மையாக இருக்கலாம். அதனால் கண்ணுக்கு என்ன நன்மை என்பதுதான் கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 17 ஆய்வுகளை அலசிப் பார்த்துவிட்டு, திரை பார்ப்பதால் வரும் கண் சோர்வைக் குறைப்பதில் இந்த லென்ஸுகளால் குறுகிய காலத்தில் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்று முடிவு சொன்னது. வேண்டாம் என்று சொன்னதும் அந்தப் பெண் வற்புறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஐம்பது ரிங்கிட்டைச் சேர்த்து வைத்தால் அடுத்த கண்ணாடிக்கு உதவும்.

கண்ணாடி ஒரு வாரத்தில் வரும் என்றார்கள், வரவில்லை. இடது கண்ணுக்கான பவரில் பாலிகார்பனேட் லென்ஸ் கையிருப்பில் இல்லாததால் ஈப்போவிலிருந்து வரவேண்டியிருந்ததாம். தாமதம் ஆகும் என்பதை அவர்கள் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அக்காள் வேலை முடித்துப் பிள்ளையையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து வெறுங்கையோடு திரும்பினாள். வெளித்தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவதே புத்திசாலித்தனம்.

வாங்கும் அன்று தவுக்கே கண்ணாடியைச் சும்மா கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் ஒரு கருவியில் வைத்து லென்ஸின் பவரை அளந்து, மருத்துவமனைத் தாளோடு ஒப்பிட்டுக் காட்டினார். பிறகு பையனுக்குப் போட்டுவிட்டு, பின்னால் போய் நின்று, காது மடலை மெல்ல முன்னால் மடக்கி, கண்ணாடிக் கையின் வளைவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்தார். இடது பக்கம் வளைவு காதைத் தாண்டி இருந்தது. கை நுனியில் மட்டும் வளைந்து கொடுக்கும் உறை உள்ள ஃபிரேம் என்பதால் அதை வெந்நீரில் நனைத்து வளைத்து, துடைத்து, மறுபடி போட்டு, காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் சிவந்தால் அன்றே கொண்டு வாருங்கள், காசு வேண்டாம் என்றார். சிவந்தது, கொண்டு போனோம், காசு வாங்கவில்லை. திருகாணி கழன்றாலும், மூக்குப் பட்டை போனாலும் இலவசம்தான். ஃபிரேமுக்கு ஓராண்டு உத்தரவாதம் உண்டு. லென்ஸில் விழும் கீறலுக்குக் கிடையாது. அதே பவரில் இரண்டாவது கண்ணாடி ஆறு மாதத்துக்குள் செய்தால் பாதி விலை என்றார்கள். தொலைப்பதிலும் உடைப்பதிலும் கைதேர்ந்த பிள்ளையாக இருந்தால் இந்தச் சலுகையை அப்போதே பயன்படுத்திக்கொள்ளலாம். கண்ணாடி இல்லாமல் நாட்களை ஓட்டுவது சோம்பல் கண் உள்ள பிள்ளைக்குக் கெடுதல்.

முதல் நாட்களில் பையன் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி வைத்தான். தூரப்பார்வை உள்ள பிள்ளைக்கு அதுவரை இறுக்கியே பழகிய தசை உடனே தளராது; அதனால் முழு பிளஸ் பவரில் ஆரம்பத்தில் தூரம் மங்கலாகத் தெரியலாம். தொடர்ந்து போட்டால் பழகிவிடும். கண்ணாடி தப்பாகச் செய்துவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிளஸ் லென்ஸில் கண் பெரிதாகத் தெரியும் என்பதால் பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்யக்கூடும். ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். வீட்டில் பாட்டிக்குத்தான் மனம் ஆறவில்லை. இவ்வளவு சின்ன வயதில் கண்ணாடி போட்டால் கண் அதற்கு அடிமையாகிவிடும் என்றும், பொன்னாங்கண்ணிக் கீரையை விடாமல் கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் அவர் உறுதியாக இருந்தார். கீரை நல்லதுதான், அது பாட்டுக்குச் சட்டியில் வேகட்டும். ஆனால் கண்ணின் நீளத்திலும் வளைவிலும் உள்ள குறையைக் கீரை மாற்றாது. கண்ணாடி போடுவதால் பவர் கூடுவதும் இல்லை.

கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு குறிப்பு. அவர்களுடைய கணக்கு வேறு. மைனஸ் வருடா வருடம் ஏறுவதைக் குறைப்பதற்கென்றே ஹோயாவின் மியோஸ்மார்ட், எஸ்ஸிலோரின் ஸ்டெல்லெஸ்ட் போன்ற தனி வகை லென்ஸுகள் இப்போது இருக்கின்றன. அவை சாதாரண லென்ஸைப் போலப் பல மடங்கு விலை. இந்தக் கடையில் ஆர்டர் செய்து தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அவற்றைப் பொருத்தும் பிள்ளையை மாதக்கணக்கில் தொடர்ந்து அளந்து பார்க்க வேண்டும் என்பதால், கண் மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற ஒப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைப் பரிசோதித்துப் பவர் எழுதித் தருபவர்) உள்ள இடத்தில் செய்துகொள்வதே சரி. ஒரு நாளில் இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போட உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, அதற்குச் செலவும் இல்லை. தோட்டத்துத் திடல்கள் சாயங்காலங்களில் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்க்கும்போது இதையும் எழுதத் தோன்றியது.

இணையத்தில் 30, 40 ரிங்கிட்டுக்கு குழந்தை ஃபிரேம்கள் கிடைக்கின்றனவே என்று கேட்பவர்களுக்கு: ஃபிரேமை மட்டும் அப்படி வாங்கிக்கொண்டு போனால், தவுக்கே லென்ஸ் போட்டுத் தருகிறார். ஆனால் அளவு பொருந்தவில்லை என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார். என் கண் முன்னாலேயே ஒருவரை அனுப்பினார். லென்ஸோடு சேர்த்து இணையத்தில் வாங்குவதைக் குழந்தைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பாப்பாக்களின் இடைவெளியை நாமே அடிக்கோல் வைத்து அளந்து அனுப்ப வேண்டியிருக்கும். காதுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்க்க அங்கே ஆளில்லை.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டை நுனியால் துடைப்பதுதான் பாலிகார்பனேட்டின் முதல் எதிரி. தூசி படிந்த லென்ஸைத் தண்ணீரில் கழுவி, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ மோட்டார் சைக்கிள் கூடையிலோ விட்டுவிட்டுப் போனால் பூச்சு வெடிப்பு விடும். நகச்சாயம் அழிக்கும் திரவம், தின்னர் ஆகியவற்றின் பக்கமே கொண்டுபோகக்கூடாது.

கடை காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஆறரைக்கு அடைக்கிறார்கள். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது; குழந்தையை நிதானமாக அளக்க அவர்களுக்கும் நேரம் இருக்காது. வார நாளில் மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் தவுக்கே கட்டாயம் இருப்பார். காலையில் பெரும்பாலும் அந்தப் பெண் மட்டுமே இருக்கிறாள். ஃபிரேம் பார்ப்பதற்கு அது போதும், அளவெடுக்கப் போதாது. மருத்துவமனைத் தாளின் அசலை அவர்களிடம் விட்டுவிடாமல் நகலைக் கொடுங்கள். அடுத்த பரிசோதனைக்கு அசல் தேவைப்படும். பணமாகக் கொடுத்தால் கடைசியில் சில வெள்ளிகள் குறைப்பார்கள், கேட்டால் மட்டும்.